மின்மாற்றி எண்ணெயின் முதுமையை அறிதல்

மின்நிலையத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் வீட்டு விளக்கை வந்தடைவதற்குள் அதன் அழுத்தம் பல முறை கூட்டப்படுகிறது. பல முறை குறைக்கப்படுகிறது. இம்மாற்றத்தைச் செய்வது டிரான்ஸ்பார்மர் என்னும் மின்மாற்றி. நீராவி எஞ்சினைப்போல் ஓடுவதும் மோட்டாரைப்போல் சுழல்வதும் இதற்கு இல்லை. வேலிக்குள் நின்ற இடத்தில் நின்று, மெல்லிய ரீங்காரத்துடன் பல ஆண்டுகள் உழைக்கிறது. ஆயினும் இதற்கும் முதுமை உண்டு. அம்முதுமையை வெளியிலிருந்து பார்த்து அறிய இயலாது. வர்ணம் பூசிய இரும்புத் தொட்டி முதல் நாளில் காட்டிய தோற்றத்தையே இருபதாம் ஆண்டிலும் காட்டும். உள்ளே நிகழ்வதை அறிவிக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்று. அது தொட்டியில் நிறைந்திருக்கும் எண்ணெய்.

எண்ணெயின் நிலையை ஓயாது கவனித்துவரும் உணர்கருவிகள் பெரிய துணைமின்நிலையங்களில் இன்று பொருத்தப்பட்டு வருகின்றன. அவை எதனை அளக்கின்றன, அந்த அளவிலிருந்து எதனை ஊகிக்கலாம், எதனை ஊகிக்கலாகாது என்பவற்றை மின்துறைக் களப் பணியாளரும் விஞ்ஞான ஆசிரியரும் அறிந்திருத்தல் பயனுடையது.

எண்ணெயும் காகிதமும்

மின்மாற்றியின் உள்ளே இரும்புத் தகடுகளால் ஆன உள்ளகம் இருக்கிறது. அதைச் சூழ்ந்து செப்புக் கம்பிச் சுருள்கள் உள்ளன. செப்புக் கம்பியின்மீது மரக்கூழிலிருந்து செய்த காகிதம் பல அடுக்குகளாகச் சுற்றப்பட்டிருக்கும். இவை யாவும் பெட்ரோலியத்திலிருந்து வடித்தெடுத்த தூய எண்ணெயில் மூழ்கியுள்ளன. எண்ணெய்க்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, காகிதத்தின் துளைகளில் ஊறி நின்று மின்சாரம் தாவிச் செல்லாமல் தடுப்பது. மற்றொன்று, சுருள்களில் பிறக்கும் வெப்பத்தை எடுத்துச் சென்று வெளிக்காற்றில் விடுவது.

எண்ணெய் கெட்டால் அதை வடிகட்டலாம், ஈரத்தை நீக்கலாம், முற்றிலும் மாற்றியும் விடலாம். காகிதத்தின் நிலை அவ்வாறன்று. அதை மாற்ற வேண்டுமெனில் சுருள்களையே புதிதாகச் சுற்ற வேண்டும். ஆகவே மின்மாற்றியின் ஆயுள் என்பது உண்மையில் காகிதத்தின் ஆயுளே. எண்ணெயைச் சோதிப்பதன் முக்கிய நோக்கமும் எண்ணெயைக் காப்பது மட்டுமன்று. எட்டாத இடத்தில் இருக்கும் காகிதத்தின் நிலையை எண்ணெயின் வாயிலாக அறிவதே ஆகும்.

முதுமை வரும் வழி

காகிதம் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. செல்லுலோஸின் ஒவ்வொரு மூலக்கூறும் குளுகோஸ் கண்ணிகளாலான ஒரு நீண்ட சங்கிலி. புதிய மின்காப்புக் காகிதத்தில் ஒரு சங்கிலிக்குச் சராசரி 1,000 முதல் 1,200 கண்ணிகள் வரை இருக்கும். வெப்பம், ஈரம், பிராணவாயு, அமிலம் ஆகியவை இச்சங்கிலியைத் துண்டுதுண்டாக அறுக்கின்றன. சராசரி 200 கண்ணிகள் அளவுக்குக் குறைந்ததும் காகிதம் தன் வலிமையை இழந்து, விரலால் தொட்டாலே நொறுங்கும் நிலையை அடைகிறது. அதன் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது இந்நிலையில்தான்.

வலிமை இழந்த காகிதம் மின்காப்பை உடனே இழந்துவிடுவதில்லை. அமைதியான நாட்களில் அது தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கும். ஆனால் இடி விழுந்தோ, கம்பிகள் ஒன்றோடொன்று உரசியோ வெளியே குறுக்குச்சுற்று நேரும்போது, சுருள்களில் பெரும் மின்னோட்டம் பாய்ந்து அவற்றை உலுக்குகிறது. புதிய காகிதம் அந்த உலுக்கலைத் தாங்கும். முதிர்ந்த காகிதம் கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் மின்வில் தோன்றி, எண்ணெய் வாயுவாகி, தொட்டி வெடித்துத் தீப்பற்றவும் கூடும். முன்னறிவிப்பின்றி நேர்ந்ததாகத் தோன்றும் பல விபத்துக்களின் காரணம் பல ஆண்டுகளாக உள்ளே வளர்ந்து வந்ததே ஆகும்.

வெப்பத்தின் வலிமையை ஒரு சிறு கணக்கினால் உணரலாம். சாதாரணக் காகிதத்துக்கு, சுருளின் மிகச் சூடான இடத்தில் 98 டிகிரி செல்சியஸ் என்பது இயல்பான வெப்பநிலையாகக் கொள்ளப்படுகிறது. அதற்குமேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் முதுமையின் வேகம் இரட்டிப்பாகிறது. 104 டிகிரியில் இரண்டு மடங்கு. 110 டிகிரியில் நான்கு மடங்கு. கோடையில் அதிகச் சுமையோடு ஒரு நாள் முழுதும் 110 டிகிரியில் உழைக்கும் மின்மாற்றி, அந்த ஒரு நாளில் நான்கு நாட்களின் ஆயுளைச் செலவிடுகிறது. காகிதத்தில் ஈரம் இரண்டு மடங்கானாலும் முதுமையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

எண்ணெயும் முதுமை அடைகிறது. காற்றிலுள்ள பிராணவாயு அதனுடன் கூடும்போது அமிலங்களும் நீரும் உண்டாகின்றன. செம்பு இச்செயலை விரைவுபடுத்துகிறது. முதிர்ந்த எண்ணெய் மஞ்சளிலிருந்து பழுப்பாகிறது. இறுதியில் களிம்புபோன்ற கசடாகிச் சுருள்களின்மீது படிகிறது. கசடு படிந்த சுருள் நன்கு குளிர்வதில்லை. அதனால் வெப்பம் மிகுந்து காகிதம் மேலும் விரைவாகக் கெடுகிறது.

நெடுநாளாக வழங்கிவரும் சோதனைகள்

எண்ணெய்ச் சோதனை புதிதன்று. எண்ணெயில் 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு உலோக முனைகளை நிறுத்தி, பொறி தாவும்வரை மின்னழுத்தத்தை உயர்த்தும் சோதனை எல்லோரும் அறிந்தது. பதப்படுத்தப்படாத புதிய எண்ணெய்கூட 30 கிலோவோல்ட்டுக்குக் குறையாமல் தாங்க வேண்டும். இச்சோதனை ஈரத்தையும் தூசியையும் நன்கு காட்டும். எண்ணெயில் கரைந்துள்ள அமிலத்தைக் காட்டாது. அமிலத்தை அளக்க, ஒரு கிராம் எண்ணெயின் புளிப்பை மாற்ற எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு வேண்டும் எனப் பார்க்கிறார்கள். புதிய எண்ணெயில் இவ்வெண் 0.01 அளவிலேயே இருக்கும். 72.5 கிலோவோல்ட் வரையுள்ள மின்மாற்றிகளில் அது 0.30-ஐத் தாண்டினால் எண்ணெய் கெட்டுவிட்டதாகக் கொள்ள வேண்டும். அதிக அழுத்தமுள்ள மின்மாற்றிகளுக்கு இவ்வரம்பு இன்னும் குறைவு.

தானே எச்சரிக்கும் கருவியும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. 1921-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் புக்கோல்ஸ் அமைத்த கருவி, தொட்டிக்கும் அதன் மேலுள்ள சேமக்கலத்துக்கும் இடையிலுள்ள குழாயில் பொருத்தப்படுகிறது. உள்ளே பழுது நேர்ந்து வாயுக் குமிழிகள் மேலெழுந்தால், அவை இக்கருவியில் தேங்கி மிதவையை இறக்கும், மணி ஒலிக்கும். எண்ணெய் வேகமாகப் பாய்ந்தால் மின்சாரமே துண்டிக்கப்படும். இன்றும் இது பெரிய மின்மாற்றிகளின் காவலனாக விளங்குகிறது. ஆனால் சிறு அளவில் உண்டாகும் வாயு குமிழியாக எழும்பாமல் எண்ணெயிலேயே கரைந்துவிடும். கரைந்த வாயுவைப் புக்கோல்ஸ் கருவி அறியாது. நோய் முற்றிய பின்னரே அது பேசும்.

ஈரத்தை அறியும் உணர்கருவி

ஈரத்தை அளக்கும் கருவியின் உட்பகுதி ஒரு சிறிய மின்தேக்கி. இரண்டு மெல்லிய உலோகப் பரப்புகளுக்கு இடையே நீரை உறிஞ்சும் பாலிமர் படலம் ஒன்று உள்ளது. ஒரு பரப்பு நீர் மூலக்கூறுகள் ஊடுருவும்படி நுண்துளைகளுடன் அமைந்திருக்கும். மின்தேக்கியின் நடுவே வைக்கும் பொருள் அதன் கொள்திறனைப் பெருக்குகிறது. இப்பெருக்கம் கனிம எண்ணெய்க்கு ஏறத்தாழ 2.2 மடங்கு; நீருக்கு ஏறத்தாழ 80 மடங்கு. ஆகவே படலம் சிறிதளவு நீரை உறிஞ்சினாலும் கொள்திறன் மாறிவிடும்; அம்மாற்றமே அளவாகக் காட்டப்படுகிறது.

இக்கருவி நேராகக் காட்டுவது நீரின் எடையை அன்று. எண்ணெய் தாங்கக்கூடிய நீரில் எத்தனை சதவிகிதம் தற்போது உள்ளது என்பதையே காட்டுகிறது. இவ்வேறுபாடு மிக முக்கியமானது. தூய புதிய எண்ணெய் 60 டிகிரியில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 240 பங்கு நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 55 பங்கையும், 10 டிகிரியில் 36 பங்கையுமே தாங்கும். எண்ணெயில் 40 பங்கு நீர் இருப்பதாகக் கொண்டால், 60 டிகிரியில் அது ஆறில் ஒரு பங்கு நிறைவு, கவலைக்கு இடமில்லை. 20 டிகிரியில் அதே நீர் நான்கில் மூன்று பங்கு நிறைவாகிறது. 10 டிகிரியில் எண்ணெய் தாங்கமாட்டாமல் நீர் துளிகளாகப் பிரிந்துவிடும். வெப்பத்தோடு உழைத்துவந்த மின்மாற்றியை வடநாட்டுக் குளிர்கால இரவொன்றில் நிறுத்திவைத்து, விடியற்காலையில் மீண்டும் இணைப்பதில் உள்ள அபாயம் இதுவே. பகலில் எடுத்த எண்ணெய் சோதனையில் தேறியிருக்கலாம். இரவில் அதே எண்ணெய் தவறிவிடும்.

நீரின் பெரும்பகுதி எண்ணெயில் இருப்பதுமில்லை. ஒரு பெரிய மின்மாற்றியில் 50,000 கிலோகிராம் எண்ணெயும் 5,000 கிலோகிராம் காகிதமும் இருப்பதாகக் கொள்வோம். எண்ணெயில் பத்து லட்சத்தில் 20 பங்கு நீர் என்றால் மொத்தம் ஒரு கிலோகிராம்தான். காகிதத்தில் இரண்டு சதவிகிதம் என்றால் நூறு கிலோகிராம். எண்ணெயை மட்டும் உலர்த்திவிட்டு மின்மாற்றி உலர்ந்துவிட்டதாக எண்ணுவது எத்துணைத் தவறு என்பது இதனால் விளங்கும். சில வாரங்களில் காகிதத்திலிருந்து ஈரம் மீண்டும் எண்ணெய்க்கு வந்துசேரும்.

வாயுக்களை அறியும் உணர்கருவிகள்

உள்ளே பழுது ஏற்படும் இடத்தில் வெப்பத்தால் எண்ணெய் சிதைந்து பல வாயுக்கள் பிறக்கின்றன. எந்த வாயு பிறக்கிறது என்பது வெப்பத்தின் கடுமையைப் பொறுத்தது. சிறு மின்கசிவுகளில் பெரும்பாலும் ஹைட்ரஜன் உண்டாகிறது. உலோக இணைப்பு மிகச் சூடாகும்போது மீதேன், ஈதேன், எதிலீன் ஆகியவை தோன்றுகின்றன. மின்வில்லின் கடும் வெப்பத்தில் அஸெட்டிலீன் உண்டாகிறது. காகிதம் கருகும்போது கார்பன் மானாக்ஸைடும் கார்பன் டையாக்ஸைடும் மிகுகின்றன. எனவே கரைந்த வாயுக்களை அளந்தால் பழுதின் தன்மையை ஊகிக்கலாம். கனடாவின் கியூபெக் மாநில மின்சார நிறுவனத்தைச் சேர்ந்த மிஷெல் துவால் என்பவர் 1970-களில் மீதேன், எதிலீன், அஸெட்டிலீன் ஆகிய மூன்றின் விகிதத்தைக் கொண்டு பழுதை இனங்காணும் முக்கோணப் படம் ஒன்றை அமைத்தார். அது இன்று உலகெங்கும் வழங்குகிறது.

இச்சோதனைக்காக எண்ணெயைக் கண்ணாடிப் பீச்சுக்குழலில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது நெடுநாளைய வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த மாதிரி அன்றைய நிலையைக் காட்டும். ஆனால் சில பழுதுகள் சில நாட்களிலேயே முற்றிவிடுகின்றன. இடைவிடாது அளக்கும் உணர்கருவியின் பயன் இங்கேதான்.

எளிய வகைக் கருவி ஹைட்ரஜனை மட்டும் அளக்கிறது. பல்லேடியம் என்னும் உலோகம் தன் பருமனைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சவல்லது என்பதைத் தாமஸ் கிரஹாம் என்னும் விஞ்ஞானி 1860-களில் கண்டறிந்தார். ஹைட்ரஜனை உறிஞ்சும்போது பல்லேடியத்தின் மின்தடை மாறுகிறது. இம்மாற்றத்தை அளந்தே சில உணர்கருவிகள் ஹைட்ரஜனை மதிப்பிடுகின்றன. ஏறத்தாழ எல்லாப் பழுதுகளிலும் ஹைட்ரஜன் சிறிதேனும் பிறப்பதால், ஏதோ ஒன்று நேர்ந்துள்ளது என்று அறிய இக்கருவி போதும். அது இன்னது என்று கூற இதனால் முடியாது.

விலையுயர்ந்த கருவிகள் பல வாயுக்களைத் தனித்தனியே அளக்கின்றன. இவற்றுள் ஒருவகை ஒளியை ஒலியாக்கி அறிகிறது. வாயு அடைத்த சிறு அறையில் அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சினால், வாயு அதனை உறிஞ்சிச் சூடாகி விரிவதும் குளிர்ந்து சுருங்குவதுமாக இருக்கும். அவ்வழுத்த மாற்றத்தை ஒரு நுண்ணிய மைக்ரோபோன் ஒலியாகக் கேட்கிறது. இந்நிகழ்ச்சியை 1880-ஆம் ஆண்டில் கண்டவர் தொலைபேசியைப் படைத்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல். ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய அலைநீளத்தையே உறிஞ்சுவதால் அவற்றைப் பிரித்தறியலாம். ஒரே வகை அணுக்கள் இரண்டு சேர்ந்த ஹைட்ரஜன் மட்டும் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதில்லை. அதற்கெனத் தனி உணர்கருவி ஒன்று உடன்வைக்கப்படுகிறது.

அளவும் போக்கும்

உணர்கருவி தரும் எண்ணைத் தனியே வைத்து முடிவு செய்வது பிழைக்கு வழி. ஓர் உதாரணம் கூறலாம். ஒரு மின்மாற்றியில் மூன்று ஆண்டுகளாக ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 120 பங்கு என்ற அளவிலேயே நிற்கிறது. மற்றொன்றில் நான்கு வாரங்களுக்குள் 20-லிருந்து 70-ஆக ஏறியிருக்கிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர் முதலாவதைக் குறித்து அஞ்சுவார். உண்மையில் முதலில் கவனிக்க வேண்டியது இரண்டாவதே. சில எண்ணெய்கள் பழுது ஏதுமின்றி, மிதமான சூட்டிலேயே ஓரளவு ஹைட்ரஜனை விடுவதுண்டு. சில ஹைட்ரஜன் உணர்கருவிகள் கார்பன் மானாக்ஸைடுக்கும் சிறிது விடையளிக்கும். ஆகவே அளவோடு அதன் போக்கையும், அவ்வேளையில் இருந்த சுமையையும், எண்ணெயின் வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்துவர வேண்டும்.

கருவியைப் பொருத்தும் இடமும் முக்கியமானது. எண்ணெய் ஓடும் இடத்தில் அது இருக்க வேண்டும். அடிப்புற வால்வின் முட்டுக்குழாயில் தேங்கிய எண்ணெயை அளக்கும் கருவி, உள்ளே நிகழ்வதைப் பல நாட்கள் தாமதித்தே கூறும். உணர்கருவியும் நாளடைவில் தன் நேர்மையை இழப்பதுண்டு. ஆதலின் ஆய்வுக்கூடச் சோதனையோடு அதனை அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எண்ணெயை வடிகட்டி வாயு நீக்கம் செய்தால் வாயுக்கள் மறைந்துவிடுகின்றன. காகிதம் சிதையும்போது பிறந்து எண்ணெயில் கரையும் பியூரான் என்னும் சேர்மங்களும், எண்ணெயைக் களிமண்ணால் தூய்மை செய்யும்போது பெரிதும் அகற்றப்படுகின்றன. காகிதத்தின் முதுமையை அறிய ஆய்வுக்கூடத்தினர் நம்பும் சான்று இப்பியூரான்களே. எண்ணெய் புதிதாகிவிட்டதால் காகிதம் புதிதாகிவிடுவதில்லை. சாட்சி மட்டுமே அழிந்துபோகிறது. ஆகையால் வடிகட்டுமுன் மாதிரி எடுத்து அளவுகளைப் பதிவு செய்வதும், வடிகட்டிய தேதியை ஏட்டில் தெளிவாக எழுதுவதும் தவறாமல் செய்ய வேண்டிய கடமைகள்.

களப் பணியாளரின் பங்கு

1960-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றுப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் முதலிய ஆய்வுக்கூடங்கள் எண்ணெய்ச் சோதனையைச் செய்துவருகின்றன. 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்வலை நாட்டின் ஏனைய பகுதியோடு இணைந்தது. அதன்பின் நாடு முழுவதும் ஒரே வலையாக இயங்கிவருகிறது. இத்தகைய வலையின் பெரிய மின்மாற்றிகளுக்கு உணர்கருவி அமைப்பது சிக்கனமே. மின்மாற்றி பழுதானால் நேரும் நஷ்டத்தோடு ஒப்பிடுகையில் கருவியின் விலை சிறிது. ஆனால் கிராமத்துக் கம்பத்தின்மேல் நிற்கும் சிறு மின்மாற்றிக்கு அத்தகைய கருவி, அம்மின்மாற்றியைவிட அதிக விலையாகிவிடும். அங்கே களப் பணியாளரின் கண்ணே உணர்கருவி.

காற்று உட்புகும் வழியில் வைக்கப்படும் சிலிகா ஜெல் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது எளிய பணி. பழைய வகை நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். புதிய வகைகளில் ஒன்று ஆரஞ்சு நிறத்தை இழக்கும். அடியிலுள்ள கிண்ணத்தில் எண்ணெய் இருத்தல் வேண்டும். எண்ணெய் மட்டம் குறைதல், மூடியின் ஓரத்தில் கசிவு, வழக்கத்துக்கு மாறான ஒலி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சோதனைக்கு எண்ணெய் எடுக்கும்போது மழை நாட்களைத் தவிர்க்க வேண்டும். வால்வில் தேங்கிய எண்ணெயை முதலில் வெளியேற்ற வேண்டும். பீச்சுக்குழலில் காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. வெயில் படாமல் அதனை மூடி அனுப்ப வேண்டும். தவறாக எடுத்த மாதிரி, எடுக்காத மாதிரியைவிடத் தீங்கானது. அது பொய்யான நம்பிக்கையைத் தரும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஈர உணர்கருவியின் தத்துவத்தை ஆசிரியர்கள் எளிதில் காட்டலாம். பத்து சென்டிமீட்டர் சதுரமுள்ள இரண்டு தகரத் தகடுகளை, மூலைகளில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் துண்டுகளை வைத்து, ஒன்றையொன்று தொடாமல் நிறுத்த வேண்டும். கொள்திறனை அளக்கும் மல்டிமீட்டரை இரண்டோடும் இணைத்தால், இடையில் காற்று இருக்கும்போது ஏறக்குறைய 90 பிகோபாரட் காட்டும். இணைப்புக் கம்பிகளால் சிறிது கூடலாம். பின்னர் தகடுகளைத் தேங்காயெண்ணெயிலோ கடலையெண்ணெயிலோ முழுதும் அமிழ்த்தினால், அவ்வளவு ஏறத்தாழ மூன்று மடங்காகும். நடுவிலுள்ள பொருள் மாறியதைக் கண்ணால் காணாமலே கருவி அறிந்துகொண்டது என்பதை மாணவர் உணர்வர். மின்மாற்றியிலிருந்து எடுத்த பழைய எண்ணெயை இதற்குப் பயன்படுத்தலாகாது. அதில் நச்சுப்பொருள்கள் கலந்திருக்கக் கூடும்.

எண்ணெயின் அமிலத்தையும் ஈரத்தையும் வாயுவையும் கருவிகள் அளந்து தருகின்றன. காகிதத்தின் சங்கிலியில் எத்தனை கண்ணிகள் எஞ்சியுள்ளன என்பதை நேரே கூறும் உணர்கருவி தொட்டியினுள் இல்லை. அதைச் சான்றுகளிலிருந்தே ஊகிக்க வேண்டும். சான்று முழுமையாக இருக்க வேண்டுமாயின் ஏடு ஒழுங்காக எழுதப்பட்டிருக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தொடர்ந்து குறித்துவந்த அளவுகளே, ஒரு மின்மாற்றியை இன்னும் எத்தனை கோடைகளுக்கு நம்பலாம் என்பதைப் பொறியாளர் தீர்மானிக்கத் துணைபுரிவன.